மனக்காயமும் சான்றுச் சுமையும்

போரில் இழந்த கையைக் காட்டி உதவிப்பணம் கோருதல் எளிது. இழந்த உறக்கத்தைக் காட்டுதல் அரிது. ஐக்கிய அமெரிக்காவின் முன்னாட் படைவீரர்க்குரிய இயலாமைக் கொடுப்பனவின் வரலாற்றை நோக்குமிடத்து, இவ்வுண்மை நன்கு புலனாகும்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1952இல் வெளியிட்ட நோய்க் கையேட்டில், போர் முதலிய பேரிடர்களால் விளையும் மனத்தாக்கத்துக்குத் தனிப்பெயர் இருந்தது. வியற்நாம் போர் உக்கிரமடைந்திருந்த 1968இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு அதனை நீக்கிற்று. நாடு திரும்பிய வீரரும், றொபேட் லிவ்ற்றன் முதலிய உளமருத்துவரும் எடுத்த முயற்சியின் பயனாக, 1980இல் மூன்றாம் பதிப்பிலே 'அதிர்ச்சிக்குப் பிந்திய மனநெருக்கீட்டு நோய்' இடம்பெற்றது. அவ்வாண்டே அது கொடுப்பனவு அட்டவணையிலும் சேர்க்கப்பட்டது.

ஆயினும் பெயர் கிடைத்தமையால் மட்டும் வழக்குத் தீர்ந்துவிடவில்லை. நோயை விளைத்த நிகழ்ச்சி உண்மையில் நடந்தது என்பதற்கும் சான்று வேண்டப்பட்டது. களத்தில் நேரே பொருதோரின் வாக்குமூலத்தை ஏற்க 1941ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்திருந்தது. லொறிச் சாரதிகள், தாதியர், எழுதுவினைஞர் ஆகியோருக்கோ அச்சலுகையைப் பெறுதல் எளிதாயிருக்கவில்லை; அவர்கள் கண்ட கோரங்கள் எல்லாம் படைப் பதிவேடுகளில் எழுதப்படுவனவுமல்ல.

2010 யூலையிலே விதி திருத்தப்பட்டது. எதிரியின் தாக்குதல் பற்றிய அச்சமே நோய்க்குக் காரணமாயின், வீரரின் கூற்று அவர் பணிபுரிந்த இடத்துக்கும் சூழலுக்கும் பொருந்தினால் வேறு சான்று வேண்டியதில்லை எனப்பட்டது. எனினும் அந்நோயை உறுதிசெய்யும் மருத்துவர் அரசு திணைக்களத்தவராகவோ அதனால் அமர்த்தப்பட்டவராகவோ இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையும் உடன் வந்தது.

மருத்துவம் நோயை ஏற்றதற்கும் நிருவாகம் நோயாளியின் சொல்லை இவ்வளவிலேனும் ஏற்றதற்கும் இடையே முப்பது ஆண்டுகள் கழிந்தன. அக்காலமெல்லாம் சான்று தேடும் சுமையைச் சுமந்தோர் நோயாளிகளே என்பது சிந்திக்கற்பாலது.