6 பவுன் முதலில் ஒரு மாதர் கம்பெனி

மாத முடிவு என்றால் தோட்டக் கிராணிமார்க்கு எத்தகைய காலம் என்பதை நேயர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எத்தனை குலை வெட்டினார், முன்பணம் எவ்வளவு, சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் பிடித்தம் எவ்வளவு என்று செக்ரோலைப் புரட்டிப் புரட்டிக் கண் பூத்துப்போன கிராணிமார் பலர் நமக்கு முன் இந்த நாற்காலியில் இருந்து சென்றனர். இன்று அக்கணக்கைக் கணினி போடுகிறது. கணினி போடுகிறது என்கிறோமே தவிர, அதற்கு அவ்வாறு போடும்படி கட்டளைத் தொடரை எழுதி வைத்த மனிதர் யார், அவர் எங்கே எவ்வாறு அமர்ந்து எழுதினார் என்று நம்முள் எவரும் கேட்பதில்லை. அவ்வாறு எழுதுவதையே தொழிலாகக் கொண்ட கம்பெனி ஒன்றின் சரித்திரத்தை ஈண்டு கூறப் புகுந்தோம்.

முதலில் ஒரு சிறு செய்தி. லண்டன் மாநகரில் தேநீர்க் கடைகள் பல நடத்திய லயன்ஸ் கம்பெனியார் 1951ஆம் ஆண்டில் ‘லியோ’ என்னும் கணினியைத் தாமே கட்டி ஆபீஸ் வேலையில் அமர்த்தினர். தேர்ந்த குமாஸ்தா ஒருவர் 8 நிமிடத்தில் போடும் ஓர் ஆளின் சம்பளக் கணக்கை அது ஒன்றரை விநாடியில் போட்டது என்பர். இதைப் படித்தபோது நமக்கு வியப்பும் சிறிது அச்சமும் ஒருங்கே எழுந்தன. ஆயினும் அவ்வியந்திரம் தானாக ஒன்றும் அறியாது. கூட்டு, கழி, ஒப்பிட்டுப் பார், இன்னதாயின் இன்ன இடத்துக்குச் செல் என்று ஒவ்வோர் அடியையும் ஒருவர் எழுதித் தந்தாக வேண்டும். அக்காலத்தில் இவ்வெழுத்தைத் தனிச் சரக்காக எவரும் மதிக்கவில்லை. இயந்திரம் வாங்குவோர்க்கு அது இலவசமாகவே வந்தது. அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி இயந்திரத்துக்கு வேறு விலை, மென்பொருளுக்கு வேறு விலை என்று அறிவித்ததே 1969இல்தான். அதற்கு முன்னரே 1955இல் நியூயார்க்கில் கியூபி, ஷெல்டன் என்னும் இருவர் பிறர்க்காகக் கட்டளைத் தொடர் எழுதித் தரும் கம்பெனி ஒன்றைத் தொடங்கியிருந்தனர். இங்கிலாந்தில் இதே தொழிலில் இறங்கிய ஒரு பெண்மணியின் கதையே நாம் சொல்ல விரும்புவது.

அவர் ஸ்டெஃபானி ஷெர்லி அம்மையார். 1933இல் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் யூத நீதிபதி ஒருவரின் மகளாய்ப் பிறந்தவர். இட்லர் ஆட்சியின் கொடுமைக்கு அஞ்சி யூதக் குழந்தைகளைப் பெற்றோரின்றி ரயிலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிய 1939இல், 5 வயதுக் குழந்தையாய், 9 வயது அக்காளின் கைப்பிடித்து வந்து சேர்ந்தார். முன்பின் அறியாத ஒரு தம்பதியர் அவரை வளர்த்தனர். அவர் படித்த பெண்கள் பள்ளியில் அவர் விரும்பிய கணிதம் கற்பிக்கப்படாமையால், அப்பாடத்துக்கு மட்டும் ஆண்கள் பள்ளிக்குச் சென்று பயின்றார். 18 வயதில் டோலிஸ் ஹில் என்னும் இடத்திலிருந்த தபால் இலாகாவின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்கு அமர்ந்து, மாலைக் கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் பயின்று கணிதத்தில் பட்டம் பெற்றார். பின்னர் கணினி செய்யும் கம்பெனி ஒன்றுக்கு மாறினார். அங்கே ஒருநாள் கூட்டத்தில் விலை குறித்து அவர் கருத்துச் சொல்ல முற்பட, அது உமக்குரிய காரியமன்று, நீர் தொழில்நுட்பம் பார்ப்பவர் என்ற பொருளில் அவர் வாயை அடைத்தனராம். திறமையிருந்தும் பெண் என்பதால் ஓர் எல்லைக்கு மேல் ஏற இயலாது என்பது அவர்க்கு விளங்கிற்று. வேலையை விட்டார்.

1962இல், செஷாம் என்னும் ஊருக்கு அருகே இருந்த தம் வீட்டு உணவு மேசையில், 6 பவுன் முதலுடன் ‘ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்’ என்னும் கம்பெனி தொடங்கினார். ஆறு பவுன் என்றதும் நம் வீட்டுப் பெண்டிர் சங்கிலியை நினைப்பர். இது பொன்னன்று, பிரிட்டிஷ் நாணயம். பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் வேலை வேண்டிக் கடிதம் எழுதினார். பதிலில்லை. கையெழுத்தில் ‘ஸ்டெஃபானி’ என்றிருப்பதை ‘ஸ்டீவ்’ என்னும் ஆண் பெயராக மாற்றிப் பார் என்று கணவர் யோசனை கூறினார். அவ்வாறே செய்தபின் பதில்கள் வந்தன. உள்ளே நுழைபவர் பெண் என்று அவர்கள் அறிந்த நேரத்தில் அம்மையார் நாற்காலியில் அமர்ந்து பேச்சைத் தொடங்கியிருப்பார்.

அவர் வேலைக்கு எடுத்தவர்கள் யாவர்? இத்தொழிலை முன்பே கற்று, மணமானதாலோ குழந்தை பிறந்ததாலோ வீட்டில் இருந்துவிட்ட மாதர்கள். முதல் 300 பேரில் ஆடவர் மூவரே. காரியாலயம் என்று தனியே ஒன்றில்லை. அவரவர் வீடே காரியாலயம். விண்ணப்பம் செய்வோரை, வீட்டில் தொலைபேசி வசதி உண்டா என்றும் கேட்டனர். அந்நாளில் அது எல்லார் வீட்டிலும் இருந்த பொருளன்று.

வேலை நடந்த முறையைச் சிறிது கூறுவாம். குழந்தை உறங்கியபின் தாய் மேசையில் தாளை விரிப்பாள். முதலில் வேலையின் ஓட்டத்தைக் கட்டங்களும் அம்புகளுமாய் வரைவாள். பின்னர் பென்சிலால் கட்டளைகளை வரி வரியாய் எழுதுவாள். அத்தாள் தபாலில் வேறோர் ஊருக்குப் போகும். அங்கே அதைப் பார்த்து அட்டையிலோ காகித நாடாவிலோ துளையிடுவர். துளை சரியா என்று சோதிக்க மீண்டும் ஒருமுறை துளையிட்டு ஒத்துப் பார்ப்பர். இவ்வளவும் ஆனபிறகே அது கணினியைக் கண்ணால் காணும். எழுதியவள் அவ்வியந்திரத்தைப் பாராமலே பக்கம் பக்கமாய் எழுதியிருப்பாள். கணினியில் ஒரு மணி நேரம் என்பது பெரும் பணம். ஆகையால் பிழையைத் தாளிலேயே, கண்ணாலேயே கண்டுபிடிக்க வேண்டும். நாம் செக்ரோலை இருவர் சேர்ந்து உரக்கப் படித்துச் சரிபார்த்த பழைய நாள்களை இது நினைவூட்டிற்று.

இத்தொழிலில் எல்லாவற்றினும் கடினமானது வேறொன்று. வேலை முடிய எத்தனை நாள் ஆகும், என்ன செலவாகும் என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் புல் வெட்டக் குத்தகை எடுப்பவர் நிலத்தைச் சுற்றிப் பார்த்து ஏக்கருக்கு இவ்வளவு என்கிறார். லாலான் எங்கே அடர்ந்திருக்கிறது என்று அவர் கண்ணுக்குத் தெரியும். மென்பொருள் குத்தகைக்காரர்க்கோ நிலம் தெரியாது. தமக்கு வேண்டியது யாது என்று வேலை கொடுப்பவர்க்கே பாதி வேலை முடிந்த பின்னர்தான் தெரியவரும். நமது ஆபீசிலும் அப்படியே. சம்பளக் கணக்கு மட்டும் போதும் என்று தொடங்கி, பின்னர் அரிசிப் பிடித்தம், பின்னர் லாரிக் கணக்கு என்று வாரந்தோறும் ஒன்று சேர்த்துக்கொண்டே போனோம். விலையை மட்டும் பழையதிலேயே நிறுத்தினோம். இத்தகைய இடர்கள் தெரிந்தே ஷெர்லி அம்மையார் வேலையை அளக்கவும் சரிபார்க்கவும் எழுத்து மூலமான விதிகள் வகுத்தார். வீடுதோறும் சிதறியிருக்கும் ஊழியரை எந்தக் கங்காணியும் மேற்பார்க்க இயலாது. ஆகவே விதியும் நம்பிக்கையுமே கங்காணி வேலை பார்த்தன.

சரக்கு ரயில்களுக்கு நேரம் வகுத்தல், சரக்கிருப்புக் கணக்கு முதலிய வேலைகள் வந்தன. ஒலியினும் விரைந்து பறந்த கான்கார்டு விமானத்தின் ‘கறுப்புப் பெட்டி’ப் பதிவுகளுக்கான மென்பொருளையும் இம்மாதரே எழுதினர். அவ்விமானத்தில் ஏறிய கனவான்களுள் எவரும், இது சமையலறை மேசையில் எழுதப்பட்டது என்று கனவிலும் எண்ணியிரார்.

வீட்டில் குழந்தை இருக்கும்போது தொலைபேசி ஒலித்தால் என் செய்வது? அம்மையார் ஓர் உபாயம் கண்டார். டைப் அடிக்கும் ஓசையை நாடாவில் பதிந்து வைத்துக்கொண்டு, வாடிக்கைக்காரர் அழைக்கும்போதெல்லாம் அதை ஓடவிடுவார். பெரிய காரியாலயம் ஒன்று மும்முரமாக நடப்பதுபோல் கேட்கும். குழந்தையின் ஓசை அதில் அமிழ்ந்துவிடும்.

இவ்விடத்தில் நம்மைப் பற்றியும் ஒன்று கூறியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நமது தோட்டத்துச் சம்பளக் கணினி ஒரு மாத முடிவில் பிடித்தங்களை இருமுறை கழித்துவிட்டது. பட்டுவாடாவுக்கு இரண்டே நாள். எழுதித் தந்த டவுன் கம்பெனியை அழைத்தோம். பேசியவர் ஒரு பெண்மணி. பின்னால் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. “மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா, ஒரு நிமிடம்” என்றார். அன்றிரவே பிழையைத் திருத்தியும் கொடுத்தார். ஆயினும் நாம் மறுநாள் அவருடைய மேலாளரை அழைத்து, பிள்ளை வளர்க்கும் இடத்திலிருந்தா எங்கள் கணக்குப் பார்க்கிறீர்கள் என்று கடுமொழி கூறினோம். அடுத்த மாதம் வேறோர் இளைஞர் பேசினார். அவர்க்கு நமது கணக்கு விளங்கவே மூன்று மாதம் ஆயிற்று. அப்பெண்மணி என்ன ஆனார் என்று அப்போது கேட்கவில்லை. பின்னர் கேட்டபோது சொல்வாரில்லை. பட்டயப் படிப்பு முடித்து, முதற் குழந்தையோடு டவுன் வேலையை விட்ட நம் துணைவியார் அன்று அதே அறையில் இருந்தார். ஒன்றும் பேசவில்லை. இந்த டைப் நாடாவின் கதையை இந்த ஆண்டு அவரிடம் படித்துக் காட்டியபோதுதான், அன்று நாம் பேசியதைத் தாம் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

சரித்திரத்துக்குத் திரும்புவோம். கம்பெனி எளிதில் வளரவில்லை. 1970ஐ ஒட்டிய வியாபார மந்தத்தில் வேலைகள் நின்றன. உடனுழைத்தோருள் சிலர் பிரிந்து தனிக் கம்பெனி கண்டனர். கம்பெனி தொடங்கிய மறு ஆண்டு பிறந்த ஒரே மகன் ஜைல்ஸ், பேசத் தொடங்கிய பேச்சையும் இழந்து, ஆட்டிசம் என்னும் குறைபாட்டுக்கு ஆளானான். அவன் வளர வளர அவனைக் காப்பது பெரும்பாடாயிற்று. அம்மையாரே ஒருகால் மனமும் உடலும் தளர்ந்து மருத்துவமனையில் கிடந்தார். வீட்டிலிருந்து வேலை செய்வது சுகம் என்று எண்ணுவோர் இப்பகுதியைக் கூர்ந்து நோக்குக.

1975இல் பிரிட்டனில் ஆண் பெண் பேதம் பாராட்டலாகாது என்று சட்டம் பிறந்தது. பெண்களுக்கென்றே வேலை தருவதும் அச்சட்டப்படி குற்றமாயிற்று! மாதர் கம்பெனியின் கதவு ஆடவர்க்குத் திறந்தது. பெண்களின் நலத்துக்கு வந்த சட்டம் முதலில் இக்கம்பெனியின் பழக்கத்தையே தட்டிற்று என்பதை அம்மையார் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார்.

பிறகு அவர் செய்ததொன்று முதலாளிமார் கண்ணுக்கு வேடிக்கையாய்த் தோன்றிற்று. கம்பெனியின் கால்வாசிப் பங்கை ஊழியர்க்கே கொடுத்தார். அதைச் செய்து முடிக்க 11 ஆண்டுகள் பிடித்தன. 1996இல் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது. பங்கு வைத்திருந்த ஊழியருள் 70 பேர் லட்சாதிபதிகள், அல்ல, பத்து லட்சத்துக்கு அதிபதிகள் ஆயினர். சமையலறை மேசையில் பென்சில் பிடித்தவர்களும் அவர்களுள் இருந்தனர். தொடக்கத்தில், சிறியதாகையால் நடக்கிறது என்றும், வளர்ந்தபின், பெரிதுதான் ஆனால் முக்கியமானதன்று என்றும் சொல்லி வந்த ஆடவர்கள் அதன்பிறகே பாராட்டினர்.

ஜைல்ஸ் 1998இல் தம் 35ஆம் வயதில் இறந்தார். அம்மையார் தம் செல்வத்தில் ஏறக்குறைய 7 கோடி பவுனை ஆட்டிசம் உடையோரின் பள்ளிக்கும் இல்லத்துக்கும் ஆராய்ச்சிக்கும் பிற அறங்களுக்கும் வழங்கினார். கம்பெனி எஃப்.ஐ. குரூப் என்றும், பின்னர் சான்சா என்றும் பெயர் மாறி, நொய்டாவிலும் சென்னையிலும் கிளை பரப்பி, 2007இல் ஸ்டீரியா என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. ஷெர்லி அம்மையார் 2025 ஆகஸ்டு மாதம் 91 வயதில் காலமானார். கடைசி வரையில் நண்பர்கள் அவரை அழைத்த பெயர் ஸ்டீவ் என்பதே.