மால்கம் எக்ஸ்: வெறுப்பைத் துறந்த போராளி

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் மால்கம் எக்ஸ் என்ற பெயரை நம்மில் பலர் அறிவோம். அவரது வாழ்வில் நிகழ்ந்த மாற்றங்களையும், அவற்றிற்காக அவர் கொடுத்த விலையையும் அறிந்தோர் சிலரே.

1925 மே 19 அன்று நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் மால்கம் லிட்டில் என்ற பெயருடன் அவர் பிறந்தார். கிறிஸ்தவப் போதகரான தந்தை, கறுப்பின மக்களின் தன்மானத்திற்காக மார்கஸ் கார்வி நடத்திய இயக்கத்தில் உழைத்தவர். அதனால் வெள்ளை இனவெறியரின் மிரட்டல்கள் அக்குடும்பத்தைத் தொடர்ந்தன. 1929இல் லான்சிங் நகரில் வீடு தீக்கிரையானது. 1931இல் டிராம் வண்டியில் சிக்கித் தந்தை மாண்டார்; விபத்து என்றனர் அதிகாரிகள், கொலை என்றே நம்பியது குடும்பம். பின்னர் தாய் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட, பிள்ளைகள் சிதறினர். வழக்கறிஞராக விரும்பிய மால்கமை, அது கறுப்பருக்கு எட்டாதது, தச்சு வேலை பழகு என்று ஆசிரியர் ஒருவரே தடுத்தார்.

பாஸ்டனிலும் ஹார்லெமிலும் போதைப்பொருள், சூது, திருட்டு எனத் தடம் புரண்ட இளைஞர் 1946இல் சிறை சென்றார். அங்கே அகராதியைப் பக்கம் பக்கமாகக் கையால் எழுதிக் கல்வி தேடினார். எலிஜா முஹம்மதின் ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ இயக்கத்திலும் இணைந்தார். அடிமை எசமானர்கள் சூட்டிய குடும்பப் பெயரை நீக்கி, பறிபோன ஆப்பிரிக்கப் பெயரின் அடையாளமாக ‘எக்ஸ்’ என்று வைத்துக்கொண்டார். அவ்வியக்கம் பலரை மதுவிலிருந்தும் குற்றத்திலிருந்தும் மீட்டது உண்மை. எனினும் வெள்ளையர் பிறவியிலேயே சாத்தான்கள் என்ற அதன் போதனை இஸ்லாத்திற்கு முற்றிலும் முரணானது. 1952இல் விடுதலையான மால்கம், அப்போதனையின் தலைசிறந்த பேச்சாளரானார்.

தலைவரின் ஒழுக்கம் குறித்த உண்மைகள் தெரியவந்தபோது அவரால் மௌனம் காக்க இயலவில்லை. 1964 மார்ச்சில் புகழையும் பதவியையும் விட்டு வெளியேறினார். ஏப்ரலில் ஹஜ்ஜுக்குச் சென்றார். எல்லா நிறத்தவரும் ஒரே தட்டில் உண்டு, ஒரே இறைவனைத் தொழுததைக் கண்டார். பன்னிரண்டு ஆண்டுகள் தாம் மேடைதோறும் முழங்கிய கருத்தை மக்காவிலிருந்து எழுதிய மடல்களில் மாற்றிக்கொண்டார். அல்ஹாஜ் மாலிக் அல்ஷபாஸ் எனத் தம் பெயரையும் அமைத்துக்கொண்டார்.

ஹஜ் அவரைப் போராட்டத்திலிருந்து விலக்கியது என்று எண்ணிவிடலாகாது. வெறுப்பைத்தான் துறந்தார், உரிமைக் கோரிக்கையைத் துறக்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் கெய்ரோ சென்று, தம் மக்களின் துயரை ஐக்கிய நாடுகள் சபையில் எழுப்புமாறு ஆப்பிரிக்கத் தலைவர்களிடம் முறையிட்டார்.

1965 பிப்ரவரி 14 அன்று அவரது வீட்டில் தீக்குண்டுகள் வீசப்பட்டன. ஒரு வாரம் கழித்து, நியூயார்க்கின் ஆடுபான் அரங்கில் உரையாற்ற எழுந்தவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அப்போது வயது 39. தண்டிக்கப்பட்ட மூவரில் இருவர் குற்றமற்றவர்கள் என 2021இல்தான் நீதிமன்றம் ஏற்றது. புலனாய்வுத் துறையினர் ஆதாரங்களை மறைத்திருந்தனர். ஏறத்தாழ இருபதாண்டுகள் சிறையில் கழித்த அவ்விருவருள் ஒருவர் 2009இலேயே இறந்துவிட்டிருந்தார்.

அவரை மாற்றியது வாதமோ நூலோ அன்று. முஸ்லிம்கள் சமத்துவத்தை வாழ்ந்து காட்டிய காட்சி. தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கும் நாம், திருமண விருந்திலும் கொடுக்கல் வாங்கலிலும் ஜமாஅத் அவையிலும் அவ்வாறே நிற்கிறோமா? நம்மைக் காண வருபவர் எதைக் கண்டு செல்வார் என்பதை நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போமாக! வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.