ஆர்பிட்டால்: ஒரு கலைச்சொல்லின் வரலாறும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

0. முன்னுரை

அறிவியற் கொள்கை மாறும்போது அதனைச் சுமந்த சொல்லும் உடன் மறைந்துவிடுவதில்லை. பல வேளைகளில் பழைய சொல்லே புதிய பொருளை ஏற்று நிலைபெறுகிறது. அணுவின் எலக்ட்ரான் அமைப்பைக் குறிக்கும் சொற்கள் இதற்குத் தக்க சான்றாகும். அவற்றின் வரலாறும், தமிழாக்கத்தில் அவ்வரலாறு எழுப்பும் சிக்கலும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

1. எழுத்துக் குறியீடுகள்

துணைக்கூடுகளை எஸ், பி, டி, எஃப் என்னும் எழுத்துகளால் குறிப்பது மரபு. இம்மரபின் வேர் நீல்ஸ் போரின் அணு மாதிரிக்கு முற்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் நிறமாலை ஆய்வாளர்கள் கார உலோகங்களின் கோடுகளைக் கூர்மையானவை, முதன்மையானவை, பரவியவை எனத் தொடர்களாகப் பகுத்தனர். அடிப்படைத் தொடர் பின்னர்ச் சேர்ந்தது. இவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளே இன்றைய குறியீடுகள். எஃப் என்பதற்குப் பின் ஜி, எச் என அகரவரிசையே பின்பற்றப்படுகிறது. காரணப்பெயராகத் தொடங்கியது இடுகுறியாக முடிந்தது எனலாம். ஆதலின், இவ்வெழுத்துகளுக்குத் தமிழ் முதலெழுத்துகளைப் படைப்பதால் பொருள் தெளிவு கூடுவதில்லை.

2. பாதையும் பாதையன்மையும்

1913இல் நீல்ஸ் போர், எலக்ட்ரான்கள் அணுக்கருவைக் குறிப்பிட்ட வட்டப்பாதைகளில் சுற்றுவதாகக் கொண்டார். வானியலுக்குரிய 'ஆர்பிட்' என்னும் சொல் இவ்வாறு அணுவிற்குள் இடம்பெற்றது. 1926இல் எர்வின் ஷ்ரோடிங்கர் அலைச் சமன்பாட்டை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே மாக்ஸ் போர்ன் அலைச்சார்பிற்கு நிகழ்தகவு விளக்கம் தந்தார். வரையறுத்த பாதை என்னும் கருத்து இதனால் நிலைகுலைந்தது. 1932இல் அமெரிக்க அறிஞர் ராபர்ட் முல்லிகன், ஓர் எலக்ட்ரானின் அலைச்சார்பைக் குறிக்கும் நீண்ட தொடரைச் சுருக்கி, அதிலிருந்த பெயரடையையே பெயராக்கி, 'ஆர்பிட்டால்' என வழங்கினார். இச்சொல்லின் பகுதி பாதையை நினைவூட்டுகிறது. விகுதியோ அது பாதையன்று என வேறுபடுத்துகிறது.

3. பிறமொழிகளும் தமிழும்

ஜெர்மன் மொழி இவ்வாங்கிலச் சொல்லைக் கடனாகப் பெற்றது. இந்தி 'கக்ஷா' என்பதனோடு வடமொழி விகுதி சேர்த்துக் 'கக்ஷக்' என வேறுபடுத்திக்கொண்டது. தமிழிலோ 'பாதை' என்பதோடு 'சார்ந்த' முதலியன சேர்த்தே பெயரடைப் பொருளைப் பெறவேண்டியுள்ளமையின், அத்தொடரைச் சுருங்கிய கலைச்சொல்லாக்குதல் எளிதன்று. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'ஆர்பிட்டால்' என்பதையே ஆள்வது இதனால் பொருத்தமுடையதாகிறது.

மாறாக, இரு சொற்களையும் 'சுற்றுப்பாதை' என்றே பெயர்த்தால் விளைவது யாது? நைட்ரஜனின் ஆர்பிட்டால் வரைபடத்தில் இரண்டாம் கூட்டின் மூன்று பி கட்டங்களிலும் ஒவ்வோர் அம்புக்குறி ஒரே திசை நோக்கி நிற்கும். ஆக்சிஜனில் நான்காவது எலக்ட்ரான் அவற்றுள் ஒரு கட்டத்தில் எதிர்த்திசை அம்புக்குறியாக இணைசேரும். இது ஹூண்ட் விதியின்பாற்படும். இக்கட்டங்களைப் பாதைகள் எனப் படிக்கும் மாணவன், கைவிடப்பட்ட கொள்கையையே மீண்டும் கற்கிறான்.

4. முடிவுரை

அம்புக்குறி உணர்த்தும் 'தற்சுழற்சி' என்னும் சொல்லும் இத்தகையதே. எலக்ட்ரான் பம்பரம்போல் சுழல்வதில்லை. எனவே, கலைச்சொல்லாக்கத்தில் சொற்பொருளை மட்டுமன்றி, மூலமொழியில் அச்சொல் எதனை மறுக்கப் பிறந்தது என்பதையும் மொழிபெயர்ப்பாளர் ஆராய்தல் வேண்டும். தமிழ்ச்சொல் அவ்வேறுபாட்டைக் காக்குமாயின் அதுவே சிறந்தது. காவாதவிடத்துக் கடன்சொல்லே மாணவனுக்குத் துணையாகும்.