எஞ்சிய பொழுதின் கல்வி: 1953ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்வித் திட்டமும் கைத்தொழிற் பயிற்சியும்

முன்னுரை

பள்ளி விட்டபின் சிறுவர் எத்தொழிலைப் பயிலுதல் வேண்டும், அதனை எவரிடம் பயிலுதல் வேண்டும் என்பன இயல்பாக இல்லத்தார் முடிவு செய்யும் சிறு வினாக்களே. அவ்வினாக்கள் ஒருமுறை சென்னை மாநில அரசையே அசைத்தன. 1953ஆம் ஆண்டில் முதலமைச்சர் சி. இராசகோபாலாச்சாரியார் ‘மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்’ ஒன்றைக் கொணர்ந்தார். நகராட்சி எல்லைக்குப் புறத்தேயுள்ள ஊர்களின் தொடக்கப் பள்ளிகளில், நாளொன்றுக்கு ஐந்து மணியாக இருந்த பாட நேரம் மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய பொழுதில் ஆண்மக்கள் தந்தையின் தொழிலையும், பெண்மக்கள் தாயிடம் சமையலையும் மனைப்பணியையும் பயிலுதல் வேண்டும் என்பது திட்டத்தின் கருத்து. எதிர்த்தோர் இதனைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்றனர். அரசு இட்ட பெயர் மறைந்து, எதிர்த்தோர் இட்ட பெயரே மக்கள் வழக்கில் நிலைத்தது.

இத்திட்டத்தின் அரசியல் விளைவுகள் பலராலும் விரித்துரைக்கப்பட்டுள்ளன. ஆயின், அம்மூன்று மணி நேரத்தின் பின் நிகழுமென எதிர்பார்க்கப்பட்டது உண்மையிற் கற்பித்தல் ஆகுமா என்னும் வினா அத்துணை ஆழமாக ஆராயப்படவில்லை. கைத்தொழிலும் சமையலும் சிறார்க்குக் கற்பிக்கத்தக்கனவே, அதில் ஐயமில்லை. அவை எந்நிலையிற் கல்வியாகின்றன, எந்நிலையிற் கல்வியாகாமற் போகின்றன என்பதே ஈண்டு ஆராயப் புகும் பொருளாகும்.

திண்ணையும் தறிக்குழியும்

பள்ளியும் தொழிலும் வேறு வேறு இடங்களில் நிகழ்ந்தமை நம் நாட்டிற் பழைய வழக்கம். சென்னை ஆளுநராயிருந்த சர் தாமசு மன்றோ 1822இல் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணம் முழுமையிலும் பள்ளிகளும் கல்லூரி எனப்பட்டனவும் சேர்ந்து 12,498 இருந்தன. அவற்றிற் பயின்றோர் ஏறத்தாழ 1,88,000 பேர். தமிழ் வழங்கிய பகுதிகளில் இவற்றுட் பெரும்பாலன திண்ணைப் பள்ளிக்கூடங்களே. மணலில் எழுத்துப் பழகுதலும், ஓலையில் எழுதுதலும், எண்சுவடியை மனப்பாடம் செய்தலும் ஆங்குக் கல்வியாக அமைந்தன.

அவ்வெண்சுவடியில் நெல்லிலக்கம் என்பது ஒரு பகுதி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்னும் அளவை முறையை அடிப்படையாகக் கொண்டது அது. களத்துக்கும் அடுக்களைக்கும் உரிய அளவைகளை வாய்பாடாக ஒப்பித்த சிறுவன், பள்ளியில் ஒருபிடி அரிசியையும் அளந்தறியான். மறுபுறம், தறிக்குழியிலும் பட்டறையிலும் தந்தையின் அருகிருந்து தொழில் பழகிய சிறுவருட் பலர் திண்ணையின் பக்கமே வந்தாரல்லர். எண்ணும் எழுத்தும் ஓரிடத்திலும் கைப்பழக்கம் மற்றோரிடத்திலுமாக அறிவு இருகூறாய்ப் பிரிந்து கிடந்தது.

குலவித்தையிற் பாதி கல்லாமலே வந்துவிடும் என்னும் பொருள்படப் பழமொழி ஒன்று நம்மிடையே வழங்குகின்றது. குலத்தொழிலின் சிறப்புக்குச் சான்றாக இதனை எடுத்துக்காட்டுவர். சற்று ஊன்றி நோக்கின் இதன் பொருள் வேறாகவும் விளங்கும். கல்லாமல் வருவது பாதியே. மற்றைப் பாதி கற்றே பெறவேண்டும் என்பதும் அப்பழமொழியிலேயே அடங்கியுள்ளது. கண்டு பழகுதலால் வரும் பாதியை இல்லம் தரும். காரணம் அறிந்து பெறும் பாதியைத் தருபவர் யார் என்பதே கைத்தொழிற் கல்வியின் தலையாய வினாவாகும்.

தொழில் பள்ளிக்குள் வந்தமை

கைத்தொழிலைப் பொதுக்கல்வியின் ஒரு கூறாகப் பள்ளிக்குள்ளேயே அமைக்கும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட ஐரோப்பாவில் உருப்பெற்றது. பின்லாந்தில் ஊனோ சிக்னேயசு என்பாரின் முயற்சியால், 1866ஆம் ஆண்டின் நாட்டுப் பள்ளிச் சட்டத்திற் கைத்தொழில் கட்டாய பாடமாயிற்று. தச்சனையோ கொல்லனையோ உருவாக்குதல் அதன் நோக்கமன்று. கண்ணும் கையும் கருத்தும் ஒருங்கே பண்படுதலே நோக்கம். ஆதலின், தொழில் வல்லானைவிட ஆசிரியப் பயிற்சி பெற்றவரே அதனைக் கற்பித்தற்குரியர் எனக் கருதப்பட்டது.

இந்தியாவில் இக்கருத்து காந்தியடிகளின் வழியே வேறொரு வடிவம் கொண்டது. 1937 அக்டோபர் 22, 23 ஆகிய நாட்களில் வார்தாவிற் கூடிய கல்வி மாநாடு, சாகிர் உசேன் தலைமையிற் குழுவொன்றை அமைத்தது. அக்குழுவின் அமைப்பாளராக இருந்த ஈ. டபிள்யூ. ஆரியநாயகம் யாழ்ப்பாணத்துத் தமிழர். உறுப்பினருள் ஒருவராகிய ஜே. சி. குமரப்பா தஞ்சையிற் பிறந்தவர். ஆதாரக் கல்வி எனப் பின்னர்ப் பெயர் பெற்ற இத்திட்டத்தில் தமிழர்தம் பங்கும் உண்டு என்பது நினைவுகூரத்தக்கது.

குழு வகுத்த பள்ளி நாள் ஐந்தரை மணி நேரம் கொண்டது. அதில் 3 மணி 20 நிமிடம் அடிப்படைக் கைத்தொழிலுக்கும், 40 நிமிடம் தாய்மொழிக்கும், 40 நிமிடம் இசை, ஓவியம், கணக்கு ஆகியவற்றுக்கும், 30 நிமிடம் சமூகவியலுக்கும் பொது அறிவியலுக்கும், பத்துப் பத்து நிமிடம் உடற்பயிற்சிக்கும் ஓய்வுக்கும் ஒதுக்கப்பட்டன. கைத்தொழிலுக்கு இத்துணைப் பெரும்பங்கு தந்தது மிகை எனச் சிலர் கூறக்கூடும். ஆயினும், அந்நேரம் முழுவதும் பள்ளி நேரமே என்பதும், ஆசிரியர் உடனிருக்கும் நேரமே என்பதும் மறக்கற்பாலன அல்ல.

தக்கிளியில் நூற்கும் சிறுவனை எடுத்துக்கொள்வோம். ஒரு பவுண்டு எடையுள்ள நூலில் 840 கெஜ நீளச் சிட்டங்கள் எத்தனை அமைகின்றனவோ, அவ்வெண்ணே அந்நூலின் நம்பர் ஆகும். தான் நூற்ற நூல் இருபதாம் நம்பரா பத்தாம் நம்பரா என அறிய விரும்பும் சிறுவன் நீளத்தை அளக்கின்றான், எடையை நிறுக்கின்றான், வகுத்துப் பார்க்கின்றான். நூல் ஏன் அறுந்தது என்று வினவுங்கால் பஞ்சின் இழை, முறுக்கு, காற்றின் ஈரம் ஆகியவற்றை ஆசிரியர் விளக்குகின்றார். தொழிலும் பாடமும் இவ்வாறு ஒன்றையொன்று தழுவிச் செல்லுதலே ஆதாரக் கல்வியின் உயிர்நிலை. நெசவாளர் மகனும் நிலக்கிழார் மகனும் ஒரே தக்கிளியை ஒரே வகுப்பில் எடுத்தனர் என்பது அதனினும் சிறந்ததொரு கூறு.

1953ஆம் ஆண்டுத் திட்டம்

இராசாசியின் திட்டம் தோன்றியதற்குரிய காரணத்தை நடுவுநிலையோடு நோக்குதல் வேண்டும். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 45ஆம் விதி, பதினான்கு வயது நிரம்பும்வரை எல்லாச் சிறார்க்கும் இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுகளுக்குள் அளிக்க முயல வேண்டும் என்றது. பள்ளிக் கட்டடங்களும் ஆசிரியர்களும் பணமும் போதா. இருக்கும் கட்டடத்திலேயே, இருக்கும் ஆசிரியரைக்கொண்டே, காலையில் ஒரு பிரிவினர்க்கும் பின்னர் மற்றொரு பிரிவினர்க்கும் பாடம் சொன்னால் மாணவர் தொகையைப் பெருக்கலாம் என்பது கணக்கு. வேலைக்குச் செல்லும் சிறுவர்க்கும் பள்ளி எட்டும். பள்ளிக்கு வரும் சிறுவர்க்கும் உடலுழைப்பு மறவாது என்று திட்டத்தார் கருதினர்.

இக்கணக்கிலேயே திட்டத்தின் பெருங்குறை உள்ளது. முதற்பிரிவினர் தொழில் பயில வீடு திரும்பும்போது, அவர்தம் ஆசிரியர் இரண்டாம் பிரிவினர்க்குப் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். ஆகவே, பட்டறையில் நிகழ்வதை அவர் காண்பதற்கு வழியில்லை. காலையிற் கற்ற கணக்குக்கும் மாலையில் இழைத்த மரத்துக்கும் தொடர்பு காட்டுவார் ஒருவருமிலர். வார்தாத் திட்டம் தொழிலைப் பள்ளிக்குள் அழைத்தது. 1953ஆம் ஆண்டுத் திட்டமோ சிறுவனைப் பள்ளியினின்றும் தொழிலிடத்துக்கு அனுப்பியது. இரண்டும் உழைப்பைப் போற்றுவன என்பதால் இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழையாகும்.

இரண்டாவது குறை தொழிலைத் தெரிந்தெடுக்கும் முறையிலுள்ளது. தொழிலற்ற தந்தையின் மக்களை ஊரிலுள்ள வேறொரு தொழிலாளியிடம் சேர்க்கலாம் எனத் திட்டம் இடந்தந்தது உண்மையே. எனினும், சாதியும் தொழிலும் பிரிக்கவியலாதவாறு பிணைந்து கிடந்த ஊர்களில், தந்தையின் தொழில் என்பது பிறப்பு விதித்த தொழிலையே குறித்தது. தச்சர் மகனுக்கு உளி கிடைக்கும். முடி திருத்துவோர் மகனுக்கும், துணி வெளுப்போர் மகனுக்கும், தெருக்கூட்டுவோர் மகனுக்கும் கிடைப்பது யாது? நிலமற்ற உழவுத் தொழிலாளியின் மகன் எஞ்சிய பொழுதைக் கழிக்கும் இடம் பிறர் வயலே அன்றோ? அங்கு அவன் செய்வது கூலிவேலை ஆகுமேயன்றிக் கைத்தொழிற் கல்வி ஆகாது. நகரத்து அலுவலரின் மக்கள் முழுநேரமும் பள்ளியிலிருக்க, ஊர்ப்புறத்து உழைப்பாளரின் மக்களுக்கு மட்டுமே பாட நேரம் குறைந்தமை இவ்வேற்றுமையை மேலும் மிகுவித்தது.

பெரியாரின் திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் திட்டத்தை எதிர்த்துக் கிளர்ந்தன. ஆளும் காங்கிரசினுள்ளும் எதிர்ப்பு வலுத்தது. 1953 சூலையிற் சட்டமன்றம், திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் ஆய்வுக்கு விடவேண்டுமெனத் தீர்மானித்தது. பருலேகர் தலைமையிலான குழு அவ்வாண்டு நவம்பரில் அளித்த அறிக்கை திட்டத்தின் அடிப்படையை ஏற்றுக்கொண்டது. எனினும் எதிர்ப்பு அடங்கவில்லை. 1954 மார்ச்சில் இராசாசி பதவி விலகினார். ஏப்பிரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது. வல்லுநர் குழு ஏற்றதை மக்கள் ஏற்கவில்லை. நேரத்தையும் இடத்தையும் கணக்கிட்டவர்கள், தம் மகன் தம்மைப்போல் ஆகாதிருக்க வேண்டுமென்றே அவனைப் பள்ளிக்கு அனுப்பிய தந்தையின் உள்ளத்தைக் கணக்கிட்டிலர்.

அடுக்களைக் கல்வி

கிளர்ச்சியின் ஆரவாரத்தில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்றுண்டு. அது பெண்மக்களுக்கு வகுக்கப்பட்ட சமையற் பயிற்சி. ஆண்மகனின் தொழிலைத் தந்தையின் குலம் முடிவு செய்தது. பெண்மகளின் தொழிலையோ அவள் பெண் என்பதே முடிவு செய்தது. எக்குலத்துப் பெண்ணாயினும் அவளுக்குரியது அடுக்களையே. இக்குறை 1953ஆம் ஆண்டுத் திட்டத்துக்கு மட்டும் உரியதன்று. சாகிர் உசேன் குழுவும் முதல் ஐந்து வகுப்புகளில் இருபாலார்க்கும் பொதுவான பாடத்திட்டத்தை வகுத்தபோதிலும், நான்காம் ஐந்தாம் வகுப்புகளிற் பெண்களுக்குப் பொது அறிவியலோடு மனையியலைச் சேர்த்தது. ஆறாம் ஏழாம் வகுப்புகளில் அவர்கள் அடிப்படைத் தொழிலுக்கு மாற்றாக மனையியலையே பயிலவும் இடமளித்தது.

தமிழிலக்கியம் காட்டும் மரபு இதனினும் விரிவுடையது. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் பாணர்க்கு அளிக்கும் பல்வகை உணவும், வீமன் இயற்றிய நூலின் நெறி வழுவாது சமைக்கப்பட்டதாகச் சொல்லப்படுகின்றது. மணிமேகலையின் ஊரலருரைத்த காதை, நாடகக் கணிகையர் பயின்ற கலைகளுள் மடைநூலையும் எண்ணுகின்றது. நளனது சமையற்றிறம் நளபாகம் எனச் சொல்லாகவே நிலைத்தது. வீமனும் நளனும் ஆண்கள் என்பதோடு அரச மரபினர் என்பதும் நோக்கற்பாலது. மடைத்தொழில் அவர்க்குக் குலத்தொழிலன்று. மேலும், நம் முன்னோர் சமையலை ‘நூல்’ என்றே கருதினர். நூலென ஒன்றிருப்பின் அது கற்கத்தக்கது. கற்கத்தக்கதாயின் எவர்க்கும் உரியது.

சமையல் கல்வியாவது எவ்வாறு என்பதை எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். தாய் கைத்திட்டத்தால் அரிசியும் பருப்பும் இடுகின்றாள். அருகிருக்கும் சிறுமி பார்த்துப் பழகுகின்றாள். இது கல்லாமல் வரும் பாதி. நால்வர்க்கு அரை நாழி அரிசி எனின் பதினால்வர்க்கு எவ்வளவு, ஊறவைத்த பயறு விரைந்து வேவது ஏன், முதல்நாள் அரைத்த மாவு மறுநாள் பொங்குவது எதனால் என ஆசிரியர் வினவி, சிறுவரைக்கொண்டே அளக்கவும் செய்து பார்க்கவும் வைத்தால், நெல்லிலக்கம் உயிர்பெறுகின்றது, அறிவியல் தொடங்குகின்றது. சேவாகிராமத்து ஆதாரப் பள்ளியில் பொதுச் சமையற்கூடத்தின் பணியும் கல்வியின் ஒரு பகுதியாக அமைந்ததற்கு இதுவே காரணம். ஆண்மகனை விலக்கிய அடுக்களைப் பாடம் அவனுக்கும் பாதிக் கல்வியையே தரும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், பள்ளிச் சிறார்க்குரிய கைத்தொழில் மூன்று நிலைகளிற் கல்வியாகின்றது என்பது பெறப்படும். தொழிலைப் பிறப்பு முடிவு செய்தல் கூடாது. காரணம் விளக்கும் ஆசிரியர் உடனிருத்தல் வேண்டும். ஆண், பெண் என்னும் வேற்றுமை கருதாது அமைதல் வேண்டும். வார்தாத் திட்டம் முதலிரண்டையும் பெற்று மூன்றாவதிற் பாதி வழியில் நின்றது. 1953ஆம் ஆண்டுத் திட்டம் மூன்றினையும் இழந்தது. உழைப்பைப் போற்றிய அதன் நோக்கத்தை எவரும் பழித்தல் வேண்டா; உழைப்போர் மக்களுக்கு மட்டும் அதனை விதித்ததே பழிக்கத்தக்கது.

ஈசுவரபாய் பட்டேல் குழு 1977இல் பரிந்துரைத்த ‘சமூகப் பயனுள்ள ஆக்கப்பணி’யும், 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையில் ஆறு முதல் எட்டு வகுப்பினர்க்குக் கூறப்பட்ட பையில்லாப் பத்து நாள் தொழிற்பயிற்சியும் இவ்வினாவை மீண்டும் எழுப்பின. தமிழ்நாட்டில் அக்கொள்கை பற்றிய விவாதத்திற் ‘குலக்கல்வி’ என்னும் சொல் மீண்டும் ஒலித்தமை வியப்பன்று. அச்சொல்லின் பின்னே நிற்பது கைத்தொழில்மீது கொண்ட வெறுப்பன்று. தொழிலைக் கற்பிப்பதாகச் சொல்லிப் பாட நேரம் குறைக்கப்பட்டதன் நினைவே. தச்சர் மகன் கணக்கையும் கணக்கர் மகன் உளியையும், இருவரும் அகப்பையையும் ஒரே கூரையின்கீழ் ஒரே ஆசிரியரிடம் எடுக்கும் நாளிற்றான் எஞ்சிய பொழுதும் கல்விப் பொழுதாகும்.