ஆட்டுப் புழுவின் சர்க்கரைப் புரதம்



தோட்டத்தில் ஆடு வளர்க்கும் குடும்பத்துக்கு ஆடுதான் சேமிப்பு. பிள்ளையின் படிப்புச் செலவு, வீட்டு விசேஷம், திடீர் நோய் என எது வந்தாலும் அதுவே கைகொடுக்கும். அந்தச் சேமிப்பைச் சத்தமில்லாமல் உறிஞ்சும் ஒரு புழுவின் கதையை இன்று பார்ப்போம்.

அதன் பெயர் ஹீமோங்கஸ். வெப்பமும் மழையும் உள்ள நாடுகளில் அது செழித்து வளரும். நம் மலேசியாவிலும் உண்டு. ஆட்டின் நான்காவது இரைப்பையில் இருந்துகொண்டு இரத்தத்தைக் குடிக்கும். ஒரு புழு நாளொன்றுக்குக் குடிப்பது ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர்தான். ஆயிரம் புழுக்கள் சேர்ந்தாலோ 50 மில்லிலிட்டர் போய்விடும். ஆடு சோகை பிடித்து மெலியும், தாடைக்கடியில் நீர் கோத்து வீங்கும், முடிவில் சாகும்.

1961-ஆம் ஆண்டு தையபெண்டசோல் என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. புழுக்கள் மடிந்தன. உழவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் 1964-லேயே அந்த மருந்துக்கு அடங்காத புழுக்கள் அமெரிக்காவில் காணப்பட்டன. மருந்துக்குத் தப்பிய சில புழுக்களின் சந்ததியே பெருகியதுதான் காரணம். பின்னர் வந்த மருந்துகளுக்கும் இதே கதிதான்.

மருந்து தோற்றால் தடுப்பூசி போடலாமே என்று அறிஞர்கள் எண்ணினார்கள். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு அருகில் மோர்டன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1920-இல் உழவர்களே கூடி நிறுவியது அது. அங்கும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பகுதியிலும் ஆராய்ச்சி நடந்தது.

புழு வெளியே கக்கும் புரதங்களை ஆட்டின் உடல் இயல்பாகவே சந்திக்கிறது. ஆனால் புழுவின் குடல் சுவரில் இருக்கும் புரதங்களை அது பார்ப்பதே இல்லை. அறிஞர்கள் கைவைத்தது அந்த மறைவிடத்தில்தான். அங்கே எச்11 என்ற புரதமும், எச்-கால்-ஜிபி என்ற புரதக் கூட்டமும் கிடைத்தன. இரண்டின்மேலும் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருந்தன. எச்-கால்-ஜிபியைப் பிரித்தெடுக்க உதவியது நிலக்கடலையில் உள்ள ஒரு பொருள். அது அந்தச் சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும்.

இப்புரதங்களை ஊசியாகப் போட்டால் ஆட்டின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகும். புழு இரத்தத்தைக் குடிக்கும்போது அதையும் சேர்த்தே விழுங்கும். எதிர்ப்பொருள் குடல் சுவரில் ஒட்டிக்கொள்ள, புழுவுக்குச் செரிமானம் கெடும், முட்டையிடுவது குறையும், பிறகு வலுவிழந்து மடியும்.

இப்புரதத்தைப் பாக்டீரியாவில் மலிவாக உண்டாக்க முயன்றார்கள். அப்படிச் செய்த புரதம் ஆட்டைக் காக்கவில்லை. புழுவின் உடலில் சேரும் அந்தச் சர்க்கரையும் மடிப்பும் அதில் சரியாக அமையாததே காரணம் எனக் கருதப்படுகிறது. ஆகவே ஆடுகளில் வளர்ந்த புழுக்களிலிருந்தே புரதம் எடுக்கப்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனி நகரில் தயாரான 'பார்பர்வாக்ஸ்' என்ற அந்தத் தடுப்பூசி, 2014-இல் செம்மறியாடுகளுக்காக விற்பனைக்கு வந்தது. ஓர் ஊசிக்கு 5 மைக்ரோகிராம் புரதமே போதும். அதாவது ஒரு கிராமில் இரண்டு லட்சம் ஊசி. ஆயினும் அதன் காவல் நெடுநாள் நில்லாது. புழுக் காலத்தில் திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

இந்த வரலாற்றில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. கண்ட நேரமெல்லாம் எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றினால் மருந்துக்கு அடங்காத புழுவை நாமே வளர்த்தவர்கள் ஆவோம். ஆட்டின் கீழிமையை மெல்ல விலக்கிப் பாருங்கள். உட்புறம் சிவந்திருந்தால் இரத்தம் குறையவில்லை. வெளுத்திருந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, ஆட்டின் எடைக்கு ஏற்ற முழு அளவு மருந்து கொடுங்கள்.