ஒரு முழம் பூசாத சுவர்

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் ஆடி பிறந்தால் கல்யாண மண்டபங்கள் காலியாகிவிடும். குமுளி மலையிலிருந்து இறங்கும் காற்று கூடலூர் தொடங்கித் தேனி வரை புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும். பெண் பார்க்கிற பேச்சோ வீடு குடிபோகிற பேச்சோ, எதை எடுத்தாலும் “ஆடி கழியட்டும்யா, ஆவணியில பாத்துக்கலாம்” என்றுதான் பதில் வரும். ஏன் என்று கேட்டால், அம்மனுக்கு உகந்த மாதம் என்பார் ஒருவர். விதைக்கிற நேரத்தில் கல்யாணச் செலவு எதற்கு என்பார் இன்னொருவர். என் அப்பத்தா இரண்டையும் சொல்லமாட்டாள். “அது அப்படித்தான்” என்பதோடு சரி.

ஏறக்குறைய இதே நாட்களில் யூதர்களும் கல்யாணம் வைப்பதில்லை. அவர்களைக் கேட்டால் காரணத்தைத் தேதியோடு சொல்வார்கள்.

அவர்களுடையது சந்திரனைக் கொண்டு மாதத்தை எண்ணும் நாட்காட்டி. நம் பஞ்சாங்கத்தின் அதிக மாதம்போல அதிலும் சில ஆண்டுகளில் ஒரு மாதம் கூடும். அதனால் இந்த நாட்கள் நம் ஆனிக்கும் ஆடிக்கும் இடையே முன்பின்னாக வரும். தம்மூஸ் மாதம் 17ஆம் நாள் எருசலேமின் மதில் உடைந்தது. ஆவ் மாதம் 9ஆம் நாள் கோயில் எரிந்தது. இடைப்பட்ட மூன்று வாரமும் துக்க காலம். கி.மு. 586இல் பாபிலோனியர் முதல் கோயிலை அழித்தார்கள். கி.பி. 70இல் தீத்துவின் ரோமானியப் படை இரண்டாவது கோயிலைக் கொளுத்தியது. இரண்டையும் ஆவ் 9இல்தான் மரபு வைக்கிறது. பிற்பாடு ரோமர்களை எதிர்த்த கலகத்தில் பேத்தார் கோட்டை வீழ்ந்ததையும் மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பு அதே நாளின் கணக்கில் சேர்க்கிறது.

விதிகள் படிப்படியாக இறுகும். மூன்று வாரமும் கல்யாணம் இல்லை, பாட்டுக் கச்சேரி இல்லை. ஐரோப்பிய யூதர்கள் இந்த மூன்று வாரமும் முடி வெட்டமாட்டார்கள். கீழை நாட்டு யூதர் பலருக்கு ஆவ் 9 வருகிற அந்த ஒரு வாரம் மட்டும்தான் அந்தத் தடை. ஆவ் பிறந்ததும் இறைச்சியும் திராட்சை மதுவும் நிற்கும். கடைசியில் அந்த நாள் வரும். முந்தின மாலை தரையில் உட்கார்ந்து, அவித்த முட்டையோடு ரொட்டியைச் சாம்பலில் தொட்டுச் சாப்பிடுவார்கள். சூரியன் மறைந்ததிலிருந்து மறுநாள் இருட்டும்வரை, சுமார் 25 மணி நேரம், பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. குளிப்பதில்லை, எண்ணெய் பூசுவதில்லை, தோல் செருப்புப் போடுவதில்லை, தம்பதியர் சேர்வதில்லை. ஜெப ஆலயத்தில் விளக்கைக் குறைத்துத் தரையில் உட்கார்ந்து, எருசலேமின் அழிவைச் சொல்லும் புலம்பல் நூலை வாசிப்பார்கள். ஒருவரையொருவர் நலம் விசாரிப்பதுகூட இல்லை. இதில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்த விதி ஒன்று உண்டு. அன்று வேதம் படிக்கக் கூடாது. படிப்பு மனதை மகிழ்விக்குமாம், அதனால் விலக்கு. யோபுவின் கதைபோலத் துயரமான பகுதிகளை மட்டும் படிக்கலாம்.

எங்கள் பக்கம் எழவு விழுந்த வீட்டில் முதல் நாள் அடுப்பு எரியாது. பதினாறு கழிந்தால் கொஞ்சம் இளகும். வருஷம் திரும்பி முதல் தெவசம் கொடுத்துவிட்டால் நல்ல காரியம் பேசலாம். யூத வீட்டிலும் இதே இறங்குமுகம்தான்: முதலில் ஏழு நாள், பிறகு முப்பது நாள், தாய் தகப்பன் என்றால் பன்னிரண்டு மாதம். கோயிலுக்கான துக்கம் மட்டும் தலைகீழாக ஏறுகிறது. நேற்றுச் செத்தவருக்கு அழ யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுக்கு முன் எரிந்த கட்டடத்துக்கு அழ வேண்டுமென்றால் மனசைப் பழக்கத்தான் வேண்டும். முதலில் பாட்டு, பிறகு சாப்பாடு, பிறகு செருப்பு. உடம்பு முன்னால் போகிறது, மனசு பின்னால் வருகிறது.

ஏறும் துக்கத்துக்கு எல்லையும் வைத்திருக்கிறார்கள். அன்று மதியத்துக்கு மேல் தரையை விட்டு எழுந்து நாற்காலியில் உட்காரலாம். ஆவ் 9 ஓய்வுநாளான சனிக்கிழமையில் வந்தால் விரதம் ஞாயிறுக்குத் தள்ளிப்போகும். அடுத்த ஏழு ஓய்வுநாட்களுக்கு ஆறுதல் பகுதிகளையே வாசிப்பார்கள். அழுவதற்கு மூன்று வாரம், தேறுவதற்கு ஏழு வாரம்.

இந்த அளவு எப்படி வந்தது என்பதற்குத் தல்முதில் ஒரு கதை இருக்கிறது. இரண்டாவது கோயில் எரிந்தபின் பலர் இறைச்சியையும் மதுவையும் ஒரேயடியாக விட்டுவிட்டார்கள். பலிபீடத்தில் படைத்தவை அவை, இப்போது பலிபீடமே இல்லாதபோது எப்படிச் சாப்பிடுவது என்பது அவர்கள் வாதம். யோசுவா என்ற ரபி அவர்களிடம் பேசிப் பார்த்தார். ரொட்டியும் படைத்ததுதானே, விட்டுவிடுவோமா? பழம் சாப்பிடுவோம் என்றார்கள். முதல் பழமும் படைத்ததுதானே? வேறு பழம் சாப்பிடுவோம் என்றார்கள். தண்ணீரும் ஊற்றினோமே, குடிக்காமல் இருப்போமா? அதற்கு அவர்களிடம் பதில் இல்லை. அறவே துக்கம் காக்காமல் இருக்கவும் நம்மால் ஆகாது, அளவு மீறிக் காக்கவும் ஆகாது என்று அவர் வழி சொன்னார். வீட்டுச் சுவரைப் பூசு, ஒரு சிறு இடத்தை மட்டும் பூசாமல் விடு. அந்த இடம் ஒரு முழம் என்று பிறகு அளவு சொன்னார்கள். யூதக் கல்யாணத்தில் மாப்பிள்ளை கண்ணாடிக் குவளையை மிதித்து உடைப்பதற்கும் அந்த அழிவைத்தான் இன்று காரணம் சொல்கிறார்கள்.

இந்தத் துக்கம் எங்கள் மலைக்கு அந்தப் பக்கமும் இருந்தது. கோயில் எரிந்தபின் கப்பலேறிய முன்னோர்கள் கொடுங்கல்லூரில் கரையிறங்கினார்கள் என்பது கொச்சி யூதர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. கையில் கிடைக்கும் ஆவணம் கி.பி. 1000 வாக்கில் சேர மன்னர் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு. அது வட்டெழுத்தில் இருக்கிறது; தமிழ் படிக்கிறவர்களுக்கு அதன் மொழி அந்நியமாகத் தெரியாது. 16ஆம் நூற்றாண்டில் கொடுங்கல்லூரையும் இழந்து கொச்சிக்கு வந்தார்கள். மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெப ஆலயம் 1568இல் எழுந்தது. இறந்தவரின் பெட்டியில் கொடுங்கல்லூர் மண் ஒரு பிடி வைக்கும் வழக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். ஒரு இழப்புக்கு அழப் பழகியவர்கள் அடுத்த இழப்பையும் அதே பழக்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 1950களில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். பரவூர், சேந்தமங்கலம் ஜெப ஆலயங்கள் இன்று அருங்காட்சியகங்கள்.

கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் யூதர்கள் ஆவ் 9ஐ மராத்தியில் ‘பிர்டியாச்சா சண்’ என்று அழைத்தார்கள். பிர்டா என்பது முளைகட்டித் தோல் நீக்கிய மொச்சைக் குழம்பு, நம்மூர் பிதுக்குப் பருப்பின் பங்காளி. எருசலேமின் துக்கம் கொங்கணத்து அடுப்பில் ஒரு குழம்பின் பெயரில் தங்கிவிட்டது.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு முள்ளிவாய்க்கால் கஞ்சி ஞாபகம் வந்தது. 2009 போரின் கடைசி நாட்களில் அந்த மக்களை உயிரோடு வைத்தது அரிசியும் உப்பும் தண்ணீரும்தான். இப்போது ஆண்டுதோறும் மே 12 முதல் 18 வரை ஈழத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் அந்தக் கஞ்சியைக் காய்ச்சித் தெருவில் நின்று கொடுக்கிறார்கள். மே 18 அன்று விளக்கேற்றுகிறார்கள். 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் கஞ்சி காய்ச்சியதற்காக மூன்று பெண்கள் உட்பட நால்வரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஒரு பானைக் கஞ்சியில் அதிகாரத்துக்கு என்ன பயம் என்று கேட்டேன். பயப்படக் காரணம் இருக்கிறது. சிலையை இடிக்கலாம், நூலகத்தை எரிக்கலாம். உப்பும் அரிசியும் எல்லா வீட்டிலும் இருக்கும்.

அந்தத் துக்கத்துக்கு இன்னும் இருபது வயது ஆகவில்லை. பார்த்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களுக்கு விதி தேவையில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத் தேவைப்படும். கஞ்சியில் தேங்காய்ப்பால் சேர்க்கலாமா, முந்தின நாள் என்ன சாப்பிடுவது, அந்த வாரத்தில் கல்யாணம் வைக்கலாமா, எந்த நாழிகையில் தரையை விட்டு எழுந்திருப்பது: இப்படிச் சின்னச் சின்னக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவைத்தவர்களின் துக்கம்தான் இரண்டாயிரம் ஆண்டு நின்றிருக்கிறது. அப்பத்தாவின் “அது அப்படித்தான்” என்ற பதிலில் வழக்கம் மிஞ்சியிருக்கிறது, காரணம் எங்கோ தொலைந்துவிட்டது. மே மாதக் கஞ்சி அப்படி ஆகிவிடக் கூடாது. கேட்கிற பிள்ளைக்குத் தேதியோடு பதில் சொல்லிவிட்டுத்தான் கோப்பையை நீட்ட வேண்டும்.