பெருங்குடல் அகற்று அறுவை: முன்னேற்பாடும் தேறுதலும்

பெருங்குடலின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ வெட்டி எடுக்கும் அறுவைக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் கோலெக்டமி. புற்றுநோய், பெருங்குடல் புண் நோய், குடல் முறுக்கு, அடைப்பு, குடல் சுவரில் துளை விழுதல் ஆகியவை இதற்கான முக்கியக் காரணங்கள். சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலின் தலையாய வேலை நீரையும் உப்பையும் உறிஞ்சி மலத்தைத் திரட்டி வைப்பது. அது இல்லாமலும் ஒருவர் நெடுங்காலம் வாழலாம். ஆனால் உடலில் கிருமிகள் மிக நெருக்கமாகக் குடியிருக்கும் இடமும் அதுதான். வெட்டிய இரு முனைகளை இணைத்த தையல் கசிந்தால் மலம் வயிற்றறைக்குள் பரவி உயிருக்கே ஆபத்தாகும். அதனால் இந்த அறுவையின் வரலாற்றில் பெரும்பகுதி கத்தியைப் பற்றியதாக இல்லை. அறுவைக்கு முந்தைய நாள் நோயாளியை எப்படித் தயார் செய்வது, அடுத்து வரும் நாட்களில் எப்படித் தேற்றுவது என்ற நீண்ட வாதமாகவே அது இருக்கிறது.

வயிற்றைத் திறந்து குடலைச் சீர்செய்யும் முறை சுஸ்ருத சம்ஹிதையிலேயே உண்டு. துளைபட்ட குடலின் விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்துக் கறுப்பு எறும்புகளைக் கடிக்கவிட வேண்டும். பிடி இறுகியதும் உடலைக் கிள்ளி எறிந்துவிட்டுத் தலைகளை மட்டும் அப்படியே விட்டுவிட வேண்டும். அறுவைக்கு முன் எண்ணெய் பூச்சும் வேதும், பின்னர் எண்ணெய் அல்லது நெய்த் தொட்டியில் இருத்திப் பால் மட்டுமே கொடுக்கும் பத்தியமும் அதில் சொல்லப்பட்டுள்ளன. இது குடலை அகற்றும் அறுவையன்று. ஆயினும் முன்னேற்பாடு, இணைப்பு, தேறுதல் மூன்றையும் ஒரே சிகிச்சையின் அங்கங்களாகப் பார்த்த அந்தப் பார்வை பெரிது. பிற்கால அறுவை மருத்துவம் அதை மீண்டும் கற்றுக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று.

நவீன வரலாறு பிரான்சில் தொடங்குகிறது. குடலின் உள்விளிம்புகளை ஒட்டவைக்காமல் வெளிப்பரப்போடு வெளிப்பரப்பு சேரும்படி தைத்தால் காயம் ஆறும் என்று 1826இல் அந்த்வான் லம்பேர் காட்டினார். இன்றைய குடல் தையல்களுக்கும் அதுவே அடிப்படை. லியோன் நகரின் ரெய்பார், மயக்க மருந்து வருவதற்கு முன்பே, பெருங்குடல் கட்டி ஒன்றை வெட்டி எடுத்து முனைகளை இணைத்தார். 1846இல் ஈதர் மயக்கமும் 1867இல் ஜோசப் லிஸ்டரின் கிருமி ஒழிப்பு முறையும் வந்த பிறகும் இந்த அறுவை அச்சமூட்டுவதாகவே இருந்தது. வெளிக் கிருமிகளைக் கார்பாலிக் அமிலத்தால் தடுக்க முடிந்தது. குடலுக்குள்ளேயே இருப்பவற்றை எதனால் தடுப்பது?

உள்ளே இணைப்பதைத் தவிர்ப்பதே முதல் விடையாக இருந்தது. லிவர்பூலில் பிராங்க் தாமஸ் பாலும் பிரெஸ்லாவில் யோஹான் மிக்குலிச்சும் கட்டியுள்ள குடல் பகுதியை வயிற்றுக்கு வெளியே இழுத்து நிறுத்தி, அறுவைப் புண் ஒட்டிய பிறகு வெளியிலேயே வெட்டி அகற்றினார்கள். மலம் வடியப் பால் கண்ணாடிக் குழாயைக் கட்டினார். 43 சதவீதமாக இருந்த மரண விகிதம் இந்தப் படிப்படியான முறையால் 12.5 சதவீதமாகக் குறைந்ததாக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிக்குலிச் அறிவித்தார். நோயாளி வாரக்கணக்கில் துன்பப்பட்டார், ஆனால் பிழைத்தார்.

அதே காலத்தில் ஒரு வழிதவறலும் நிகழ்ந்தது. பெருங்குடலில் தேங்கும் மலம் உடலுக்கே நஞ்சாகிறது என்று நம்பிய லண்டன் நிபுணர் ஆர்பத்நாட் லேன், மலச்சிக்கலுக்காகவே பலருடைய பெருங்குடலை அகற்றினார். 1913இல் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசினில் இதைப் பற்றிக் கடும் விவாதம் நடந்தது. பிற்பாடு அந்தக் கொள்கை கைவிடப்பட்டது.

கிருமிகளை அறுவைக்கு முன்பே குறைக்கும் வழி 1940களில் சல்பா மருந்துகளோடு வந்தது. 1973இல் நிக்கல்ஸ், காண்டன் என்ற அமெரிக்க அறுவை நிபுணர்கள் வகுத்த முறை பல ஆண்டுகள் வேதவாக்காக இருந்தது: முந்தைய நாள் பேதி மருந்தும் எனிமாவும், பிற்பகல் 1 மணிக்கும் 2 மணிக்கும் இரவு 11 மணிக்கும் நியோமைசின், எரித்ரோமைசின் மாத்திரைகள். பேதி கொடுத்தால் உடலில் உப்பும் நீரும் தாறுமாறாகும் என்ற கவலையை 1980இல் வந்த பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசல் தணித்தது. குடல் அதை உறிஞ்சாது. குடித்தது அப்படியே குடலைக் கழுவிக்கொண்டு வெளியேறும். ஆனால் சுமார் 4 லிட்டர் குடிக்க வேண்டும். உப்புக் கரித்த, வழவழப்பான அந்த நீரை டம்ளர் டம்ளராக விழுங்கி, இரவெல்லாம் கழிப்பறைக்கு நடந்த நோயாளிகள் பலருக்கு அறுவையைவிட அந்த இரவே கொடுமையாக நினைவில் நின்றது.

இத்தனை பாடும் தேவைதானா என்ற கேள்வியை ஆய்வுகள் எழுப்பின. நெதர்லாந்தில் 1431 நோயாளிகளைச் சேர்த்துக்கொண்ட ஆய்வு 2007இல் வெளியானது. குடலைக் கழுவியவர்களிடமும் கழுவாதவர்களிடமும் தையல் கசிவு ஏறக்குறைய 5 சதவீதம்தான். அதே ஆண்டு சுவீடன் ஆய்வும் இதையே சொன்னது. ஐரோப்பாவில் பல மருத்துவமனைகள் பேதி மருந்தை நிறுத்தின. அமெரிக்காவிலோ, பேதியோடு நுண்ணுயிர் எதிர்ப்பு மாத்திரைகளையும் சேர்த்துக் கொடுத்தால் புண் சீழ்பிடிப்பது குறைகிறது என்ற தரவுகள் குவிந்தன; 2019இல் அந்நாட்டுப் பெருங்குடல் நிபுணர் சங்கம் அதையே பரிந்துரைத்தது. 2019இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வு அந்தப் பயனைக் காணவில்லை. வாதம் இன்னும் முடியவில்லை. ஆகவே இரண்டு மருத்துவமனைகள் இரண்டு விதமாகச் சொன்னால், அதில் ஒன்று கவனக்குறைவு என்று முடிவுகட்ட வேண்டியதில்லை.

பட்டினியின் கதை இவ்வளவு சிக்கலானதன்று. வயிற்றில் இருப்பது மயக்கத்தின்போது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்தை 1946இல் மருத்துவர் மெண்டல்சன் விளக்கியபின், நள்ளிரவுக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாது என்பது எழுதாத சட்டமாயிற்று. 1999இல் அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கம் அதைத் தளர்த்தியது: தெளிந்த பானங்களை மயக்கத்துக்கு 2 மணி நேரம் முன்புவரை, எளிய உணவை 6 மணி நேரம் முன்புவரை எடுத்துக்கொள்ளலாம்.

அறுவைக்குப் பிந்தைய நாட்களிலும் மரபின் பிடி இறுக்கமாகவே இருந்தது. மூக்கு வழியே குழாய், கையில் டிரிப்ஸ், படுக்கையிலேயே கிடை, காற்று பிரியும்வரை வாயில் ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டு அறுவைச் சிகிச்சை வார்டுகளில் ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, “காத்து பிரிஞ்சுதா?” குடல் மீண்டும் அசையத் தொடங்கியதற்கு அது அறிகுறி, கேள்வி சரியானதே. தவறு வேறிடத்தில் இருந்தது. சிறுகுடல் ஒரு நாளுக்குள்ளாகவே இயங்கத் தொடங்கிவிடுகிறது; பெருங்குடலுக்குத்தான் இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை பட்டினி போட வேண்டிய அவசியமில்லை. குடலின் சோம்பலுக்குச் சிகிச்சையே ஒரு காரணமாகவும் இருந்தது: மார்பின் வகை வலி மருந்துகள் குடல் அசைவைக் கட்டிப்போட்டன. டிரிப்ஸில் அளவுக்கு மீறி ஏற்றிய உப்பும் நீரும் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன என்று நாட்டிங்ஹாமில் லோபோவும் குழுவினரும் 2002இல் காட்டினார்கள்.

இவற்றையெல்லாம் ஒன்றாகக் கோத்தவர் டென்மார்க்கின் ஹென்றிக் கேலெட். ஹிவிடோவ்ரே மருத்துவமனையில் அவரது குழு, முதுகுத்தண்டு வழியே எபிடியூரல் வலி மருந்து கொடுத்து, மூக்குக் குழாயைத் தவிர்த்து, அறுவை நடந்த அன்றே நோயாளியை எழுப்பி உட்காரவைத்து உணவு கொடுத்தது. 2000ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் 60 நோயாளிகளின் நடுமதிப்பு மருத்துவமனை வாசம் 2 நாள் மட்டுமே. ஒப்பிடுவதற்கு ஒரு பெரிய மனிதரின் கதை உண்டு. 1985 ஜூலை 13 அன்று அமெரிக்க அதிபர் ரொனால்டு ரேகனுக்குப் பெருங்குடலில் சுமார் 2 அடி அகற்றப்பட்டது. அதிபர் அதிகாரம் துணை அதிபர் புஷ்ஷிடம் சுமார் 8 மணி நேரம் இருந்தது. நாட்டின் தலைசிறந்த கவனிப்பு கிடைத்தும் ரேகன் வீடு திரும்ப ஒரு வாரம் ஆயிற்று. அன்றைக்கு அது நல்ல வேகம்.

கென் பியரன், ஒல்லே லியுங்க்விஸ்ட் முதலிய அறுவை நிபுணர்கள் 2001இல் கூடி, கேலெட்டின் அணுகுமுறையை ‘ஈராஸ்’ (அறுவைக்குப் பின் விரைந்து தேறுதல்) என்ற பெயரில் விரிவாக்கினார்கள். அதற்கான சங்கம் 2010இல் அமைந்தது. சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையும் இதற்குத் துணை நின்றது. புற்றுநோய்க்கும் அது பாதுகாப்பானதே என்பதை 872 நோயாளிகளைக் கொண்ட அமெரிக்க ஆய்வு 2004இல் உறுதி செய்தது. ஜப்பானில் 2002இல் 19 பேரிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வு, அறுவைக்குப் பின் சூயிங்கம் மென்றவர்களுக்குக் காற்று சீக்கிரம் பிரிந்ததாகச் சொன்னது. சாப்பாடு வருகிறது என்று குடலை நம்பவைக்கும் இந்த எளிய உத்தி பல மருத்துவமனைகளில் இடம்பிடித்தது. மான்ட்ரியால் ஆய்வாளர்கள் தயாரிப்பையே முன்னுக்குத் தள்ளினார்கள்: அறுவைக்குச் சுமார் 4 வாரம் முன்பே நடைப்பயிற்சி, புரத உணவு, மன அமைதிப் பயிற்சி. இப்படித் தயாரானவர்களில் 84 சதவீதத்தினர் அறுவை முடிந்த 8ஆவது வாரத்தில் பழைய நடைவலுவை எட்டியதாக 2014இல் அவர்கள் எழுதினார்கள். அறுவைக்குப் பின்னரே பயிற்சியைத் தொடங்கியவர்களில் அது 62 சதவீதம்.

குடலை உடனே இணைக்க முடியாதபோது வயிற்றில் திறப்பு வைத்து மலத்தைப் பையில் சேர்ப்பதுண்டு. அந்தத் திறப்புக்கு ஸ்டோமா என்று பெயர். பர்மிங்காமின் பிரையன் புரூக், சிறுகுடல் முனையைச் சட்டைக் கையை மடிப்பதுபோல வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் முறையை 1952இல் வெளியிட்டார். தோலுக்கு மேலே சற்று எழும்பி நிற்கும் அந்த முனை, கழிவைத் தோலில் படாமல் நேரே பைக்குள் விழச்செய்தது. தோல் வெந்து புண்ணாவது வெகுவாகக் குறைந்தது. பையையே மாற்றியவர் டென்மார்க் செவிலியர் எலிசே சோரன்சன். அவருடைய தங்கை தோரா, ஸ்டோமா வைத்தபின் கசிவுக்கு அஞ்சி வெளியே தலைகாட்டவே தயங்கினார். அதைக் கண்டு தாளாத எலிசே, தோலில் ஒட்டிக்கொள்ளும், பயன்படுத்தியதும் எறிந்துவிடும் பிளாஸ்டிக் பையை 1954இல் சிந்தித்தார். பிளாஸ்டிக் உற்பத்தியாளர் ஓகே லூயிஸ்-ஹான்சன் முதலில் மறுத்தார். செவிலியரான அவர் மனைவி யோஹன்னே எடுத்துச் சொல்லி அவரை இணங்கவைத்தார். கோலோபிளாஸ்ட் நிறுவனம் பிறந்தது இப்படித்தான். அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் ரூபர்ட் டர்ன்புல், தம்மிடம் சிகிச்சை பெற்ற நார்மா கில்லையே 1958இல் பணியமர்த்தி, ஸ்டோமா பராமரிப்பைத் தனித் தொழிலாக்கினார். இந்த வரலாற்றில் அறுவை நிபுணர்களுக்குச் சமமான இடம் இந்தப் பெண்களுக்கு உண்டு.

1978இல் ஆலன் பார்க்ஸும் ஜான் நிக்கல்ஸும் சிறுகுடலாலேயே உள்ளே ஒரு பை அமைத்து ஆசனவாயோடு இணைத்தார்கள். பெருங்குடல் முழுவதும் போன பலருக்கு நிரந்தர ஸ்டோமா தேவையற்றதாயிற்று. ஆனால் நாளொன்றுக்கு ஐந்தாறு முறை மலம் போவது அவர்களுக்கு வழக்கமாகிறது.

இந்த அறுவைக்குக் காத்திருப்பவர் மருத்துவரிடம் சிலவற்றைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும். ஸ்டோமா தேவைப்படுமா, அதற்கான இடத்தை உட்காரவைத்தும் நிற்கவைத்தும் பார்த்து முன்கூட்டியே குறித்துவிடுவார்களா, பேதி மருந்து உண்டா, தண்ணீர் எப்போதுவரை குடிக்கலாம் என்பவை அவற்றில் முக்கியமானவை. புகைப் பழக்கம் இருந்தால் உடனே விட வேண்டும். வீடு திரும்பிய பிறகு சுமார் 6 வாரம் கனம் தூக்கக் கூடாது. நடக்கலாம், நடக்கவும் வேண்டும். சிறுகுடல் ஸ்டோமா உள்ளவர்களுக்கு நீரும் உப்பும் வேகமாக இழப்பாவதால் ஓஆர்எஸ் கரைசலைக் கைவசம் வைத்திருப்பது நல்லது. காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, வயிறு உப்பி வாந்தி, படபடப்பு இவற்றில் எது வந்தாலும் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தையல் கசிவு பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள்தான் தலைகாட்டும்.